உச்சியில் நிற்காத செங்கல்

அக்டோபர் 7, திங்கள்

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: பதினோராம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் ஒரே மின்விசிறி, நெடுநாள் நோய்வாய்ப்பட்டு (கிறீச், கிறீச்), இன்று காலை மூன்றாம் பாடவேளையின் நடுவே தன் சுழற்சியை நிறுத்திக்கொண்டது. வயது யாருக்கும் தெரியவில்லை. அன்னாருக்கு மூன்று இறக்கைகள். ரெகுலேட்டர் முன்பே காலமாகிவிட்டபடியால் துக்கம் விசாரிக்க விரும்புவோர் நேராக மெயின் சுவிட்சை அணுகலாம்.

இரண்டு நிமிட மௌன அஞ்சலிக்கு நான் எழுந்து நின்றேன். பின்வரிசை முழுக்க நின்றது. இயற்பியல் ஆசிரியர் ஞானதுரை சார் மட்டும் நிற்கவில்லை, ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்.

“ஏ கோமதிநாயகம், ஒன்னய ஒக்காரச் சொல்ல மாட்டேன். அப்படியே நில்லு.”

நின்றேன். மதியம் வகுப்பையே கீழ்த்தளத்துப் பழைய அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே மின்விசிறி ஓடுகிறது. ஜன்னலுக்குப் பத்தடி தள்ளிப் புது வகுப்பறைக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சிமெண்டுத் தூசி இலவசம்.

பின்குறிப்பு: காலாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்தன. இயற்பியலில் எனக்கு இரண்டிலக்க மதிப்பெண். வகுப்பில் முதலாவதாக வந்த முப்பிடாதிக்கும் இரண்டிலக்கம்தான். நூலிழை வித்தியாசம்.

அக்டோபர் 8, செவ்வாய்

நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல். தலைப்பு: ‘மெல்லக் கற்போர் மேம்பாடு.’ இடது பக்கம் எட்டுப் பெயர், வலது பக்கம் எட்டுப் பெயர். ஒரு பக்கத்தார் மற்றப் பக்கத்தாருக்கு மதிய இடைவேளையில் இயற்பியல் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழாவது வரியில் நானும் முப்பிடாதியும். யார் எந்தப் பக்கம் என்றெல்லாம் விவரித்தால் டைரியில் தாள் வீணாகும்.

மெல்லக் கற்கும் எட்டுப் பேருக்கும் 24ஆம் தேதி மறுதேர்வு. எழுபதுக்கு முப்பத்தைந்து எடுக்காவிட்டால் முதல் குரூப்பை விட்டு வணிகவியல் குரூப்புக்கு மாற வேண்டும். அவர்களை நினைத்தால் மனது கனக்கிறது. அதில் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். பத்தாம் வகுப்பில் 288 எடுத்தவன். ரயில் ஓட்ட வேண்டும், அதற்குக் கணக்கும் இயற்பியலும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவனுக்கு முதல் குரூப்பு கேட்டு அவன் அப்பா ஜூன் மாதம் தறி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஹெட்மாஸ்டர் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றார். இயற்பியல்படி அவர் செய்த வேலை பூஜ்யம். இடப்பெயர்ச்சி இல்லையே. ஆனாலும் இடம் கிடைத்தது.

வீட்டில் செய்தியைச் சுருக்கமாகச் சொன்னேன்.

“ஒரு பிள்ளையோட சேத்து என்னய பிசிக்ஸுக்குப் போட்டிருக்காவ. மத்தியானம் மத்தியானம் பாடம்.”

“நீ சொல்லிக்குடுக்கணுமா?” என்றார் அப்பா.

சோறு வாயில் இருந்தது. வாயில் சோறு இருக்கும்போது பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். தலையை மட்டும் ஆட்டினேன். எந்தத் திசையில் என்று நினைவில்லை. அப்பா சண்முகக்கனி அக்காவைப் பார்த்து, “பாத்தியாட்டி?” என்றார். அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

அக்டோபர் 9, புதன்

முதல் பாடம். தலைப்பு: எறிபொருள் இயக்கம். அதாவது எதையாவது சாய்வாக எறிந்தால் அது எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு நேரம் பறக்கும், எங்கே விழும். சாக்பீஸ் எறிவதில் எனக்கு ஏழு வருட அனுபவம் உண்டு என்பதால் இந்தப் பாடத்துக்கு நான் பயந்ததே இல்லை.

முப்பிடாதியைப் பற்றி இரண்டு வரி. பள்ளியிலேயே இறுக்கமான இரட்டைச் சடை அவளுடையது. சிரிக்க வேண்டுமென்றால் விண்ணப்பம் போட வேண்டும். ஜூனிலிருந்து இன்று வரை அவளிடம் நான் பேசியது ஒரே வாக்கியம்: “ரப்பர் இருக்கா?”

என் சொந்தக் கண்டுபிடிப்பை அவளுக்கு விளக்கினேன். கைடில் உள்ள கணக்குகளில் வேகமெல்லாம் 19.6, 29.4, 49 என்றே இருக்கும். 9.8ஆல் வகுத்தால் முழு எண் வரட்டும் என்று கைடு போட்ட புண்ணியவான் செய்த ஏற்பாடு. பாதிக் கணக்குக்கு ‘2 வினாடி’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

அவள் ஒரு கணக்கை நீட்டினாள். “இது எத்தன செகண்டு?”

“ரெண்டு.”

“நீ இன்னும் படிக்கவே இல்லயே.”

“படிச்சா மாறிரும்.”

அவள் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றவில்லை. மூடிய பேனாவால் காற்றில் ஒரு வளைவு வரைந்தாள், இடமிருந்து வலமாக. ஏறும்போது கை மெதுவாகிக்கொண்டே போனது, இறங்கும்போது வேகமெடுத்தது. பந்து அங்கே போவது போலவே அவள் கண் கூடவே போனது. எல்லாரும் கணக்கைக் கண்டதும் சூத்திரத்தைத் தேடுவார்கள். இவள் முதலில் பந்தை வேடிக்கை பார்க்கிறாள்!

பிறகுதான் மூடி கழன்றது. தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு.

“இந்தப் பக்கம் மேல-கீழ. அந்தப் பக்கம் பக்கவாட்டு. ரெண்டு வீடு, நடுவுல சொவரு. ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை கெடையாது. பூமி இழுக்கது இந்த வீட்ட மட்டுந்தான், அந்த வீட்டுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல. நேரம் ஒண்ணுதான் ரெண்டு வீட்டுக்கும் பொது.”

“பொதுக் கெணறு மாதிரி.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா, கெணறு மாதிரி.”

ஐந்து வரியில் கணக்கு முடிந்தது. விடை 1.5 வினாடி. என் இரண்டுக்கு ரொம்பப் பக்கம்தான்.

அக்டோபர் 10, வியாழன்

‘மெல்லக் கற்போர் முன்னேற்றச் சங்கம்’ தொடங்கினேன். உறுப்பினர் அட்டை அட்டகாசமாக வந்தது. கொள்கை: ‘மென்று கற்போம், விழுங்க மாட்டோம்.’ எட்டு அட்டை தயாரித்து எட்டுப் பேருக்கும் கொடுத்தேன். (ஒன்று என் பையிலேயே தங்கிவிட்டது. நிறுவனர் பிரதி.) ஒருவன் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞானதுரை சாரிடம் மாட்டினான்.

சார் என்னைக் கூப்பிட்டு அட்டையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். “கோடெல்லாம் நேரா இருக்கே. ஸ்கேல் வச்சா போட்ட?”

“ஆமா சார்.”

“பரீட்சைப் பேப்பர்ல படம் போடும்போது மட்டும் ஸ்கேல் எங்க போச்சுல?”

அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி

சரஸ்வதி பூஜை. பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது உலகறிந்த சட்டம். அக்கா ஒரு நோட்டை வைத்தாள். நான் இயற்பியல் புத்தகம், கைடு, நோட்டு, ரஃப் நோட்டு, ஜியோமெட்ரி பாக்ஸ் அத்தனையும் வைத்தேன். அம்மா கண்கலங்கினாள். பக்தி பெருகி ஓடியது.

சாயங்காலம் முப்பிடாதி தன் நோட்டை வகுப்புப் பையன் ஒருவன் மூலம் கொடுத்தனுப்பினாள். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: ‘இது பூஜையில் வைக்கவில்லை. கணக்கு 4, 6, 9.’

அக்டோபர் 14, திங்கள்

இன்று ஒரு தலைசிறந்த விளையாட்டு வீராங்கனையைக் கண்டேன்.

ஆங்கில வகுப்பில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெளியே புதுக் கட்டடத்தில் முதல் மாடிச் சுவர் ஏறுகிறது. கீழே ஒரு அம்மா. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. குனிந்து இரண்டு செங்கலைச் சேர்த்து எடுக்கிறார். ஒரு வீச்சு. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போலப் பிரியாமல் மேலே போகின்றன. சாரத்தில் நிற்கும் பரமசிவன் என்பவர் கைக்குப் போய்ச் சேர்கின்றன. அவர் பக்கத்தில் அடுக்குகிறார். அவர் நிமிர்வதற்குள் அடுத்த ஜோடி கிளம்பிவிடுகிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை. அந்த அம்மா மேலே பார்ப்பதுகூட இல்லை! எழுபது வீச்சு எண்ணினேன். அதாவது நூற்று நாற்பது கல். ஒன்று தவறவில்லை. ஆங்கிலத்தில் என்ன நடந்தது என்று தெரியாது.

மதியம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினேன். “யக்கா! ஒங்கள ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்லா?”

“அங்க செங்கலா எறியுதாவ?” அவர் கையை நிறுத்தவில்லை. “சம்பளம் எம்புட்டாம்?”

“மெடல் குடுப்பாவ.”

“அத வச்சு செவுரா கெட்ட? படிக்கப் போல, அங்குட்டு.”

பின்னால் முப்பிடாதி நின்றிருந்தாள். “அது எங்கம்மா.”

ஜன்னலை விட்டு இறங்கினேன்.

“எங்கம்மா ஒனக்கு யக்கான்னா, மொறைக்கு நீ எனக்கு மாமா,” என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “மாமா, ஆறாம் கணக்கப் போடுங்க.”

போட்டேன். தப்பு.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. செங்கல் எறிவதும் இல்லை, இயற்பியலும் இல்லை. பள்ளிக்கூடம் லீவு. வருண பகவானுக்குச் சங்கத்தின் கௌரவ உறுப்பினர் அட்டை தயாராகிறது.

அக்டோபர் 16, புதன்

காலாண்டுத் தாளில் சார் வெட்டிய ஒரு பதிலைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். கேள்வி: சாய்வாக எறியப்பட்ட பொருள் பாதையின் உச்சியில் இருக்கும்போது அதன் திசைவேகம் என்ன? நான் ‘பூஜ்யம்’ என்று எழுதியிருந்தேன். இதில் என்ன தவறு?

“ஏறுனது நின்னாத்தான எறங்க முடியும்? பஸ்ஸுகூட நின்னுதான் திரும்புது,” என்றேன்.

“நேரா மேல எறிஞ்சா நிக்கும். சரிச்சு எறிஞ்சா நிக்காது. மேல-கீழ வீட்டுல மட்டுந்தான் பூஜ்யம். பக்கத்து வீட்டுல வேகம் அப்படியே இருக்கும்.”

“நிக்கும்.”

“நிக்காது.”

“எறிஞ்சு காட்டுதேன்.”

வேலை நிற்கும் சாப்பாட்டு நேரம். கொத்தனாரிடம் கெஞ்சி ஒரே ஒரு செங்கல் வாங்கினேன். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பாடத்தில் படித்ததை எடுத்துப் பயன்படுத்தினேன்: 45 டிகிரியில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும். கையைச் சரியாக 45 டிகிரியில் வைத்து, முழுப் பலத்தோடு விட்டேன்.

செங்கல் அருமையாகப் பறந்தது. சாரத்துக்கு வெகு கீழே, நேற்று முன்தினம் கட்டிய சுவரில் போய் மோதி இரண்டானது.

முப்பிடாதியின் அம்மா தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னார்: “தம்பி, அந்த எடத்துல ஏற்கெனவே கல்லு வச்சாச்சு.”

எதிர்க்காற்று. வேறு காரணம் இல்லை.

“அதிக தூரம் போவ 45,” என்றாள் முப்பிடாதி. “அதிக ஒயரம் போவ யாரு ஒனக்கு 45 சொன்னா? எங்கம்மா கிட்டத்தட்ட நட்டுக்குத்தா, நேரா மேல எறியுதா. ஒனக்குக் கண்ணு இல்லயா?”

அக்டோபர் 17, வியாழன்

மகத்தான நாள்.

மதியம் சங்க உறுப்பினர்கள் சோர்வாக இருந்தார்கள். உற்சாகப்படுத்த ‘செங்கல் நாடகம்’ போட்டேன். முதலில் கீழே எறிபவர்: குனிவது, எடுப்பது, நிமிராமலே விடுவது. அப்புறம் பெஞ்சு மேல் ஏறிப் பரமசிவன்: கையை நீட்டி, வாங்கி, பக்கவாட்டில் இழுத்து, அடுக்குவது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நகல் எடுப்பதில் என்னை மிஞ்ச இந்த ஊரில் ஆள் கிடையாது. இது பெருமை இல்லை, தகவல்.

முப்பிடாதி மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள். “மறுபடி செய்யி.”

“ரசிகர்கள் விரும்பினா...”

“பரமசிவன் மாமா மாதிரி. பிடிக்கத மட்டும்.”

செய்தேன்.

“கைய ஏன் பக்கவாட்டுல இழுத்த?”

“அவரு இழுக்காரு.”

“அதான். அவரு ஏன் இழுக்காரு?”

நான் பார்த்தேன், செய்தேன், அவ்வளவுதான். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ சொல்லுத மாதிரி கல்லு மேல வந்து நின்னுச்சுன்னா, அவரு கைய நீட்டி எடுத்தாப் போதும், அலமாரில இருந்து எடுக்க மாதிரி. இழுக்க வேண்டிய அவசியமே இல்ல.”

நான் பெஞ்சு மேலேயே நின்றேன். ஜன்னலுக்கு வெளியே வேலை மறுபடி தொடங்கியிருந்தது. ஒரு ஜோடி மேலே போனது. பரமசிவன் கையை நீட்டினார். கல் கைக்கு வந்தது. வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. அதோடு கூடவே கையைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய் அமர்த்தினார், ஓடி வரும் பிள்ளையைப் பிடிப்பது போல.

மேலே ஏறுவது நின்றுவிட்டது. பக்கவாட்டில் போவது நிற்கவில்லை. உச்சியில் செங்கல் நிற்கவில்லை, நடக்கிறது.

“நடக்குல்லா?” என்றேன்.

“நடக்கு,” என்றாள். அப்போது அவள் சிரித்தாள். விண்ணப்பம் போடாமலே.

அக்டோபர் 18, வெள்ளி

சாயங்காலம் அளவெடுத்தோம். கொத்தனாரின் டேப். அந்த அம்மாவின் கையிலிருந்து செங்கல் கிளம்பும் இடத்துக்கும் பரமசிவனின் கைக்கும் உயரம் 3.2 மீட்டர். பக்கவாட்டு இடைவெளி 1.6 மீட்டர். முப்பிடாதி தரையிலேயே உட்கார்ந்து தாளில் கோடு போட்டு இரண்டு வீடு கட்டினாள். புவியீர்ப்பு முடுக்கத்துக்கு 9.8க்குப் பதில் 10 போட்டுக்கொண்டாள்.

மேல-கீழ வீடு: எறியும் வேகம் வினாடிக்கு 8 மீட்டர். உச்சிக்குப் போக 0.8 வினாடி. நேரத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். 1.6ஐ 0.8ஆல் வகுத்தால் 2. உச்சியில் செங்கல் நடக்கும் வேகம் வினாடிக்கு 2 மீட்டர். காலைப் பிரேயருக்குப் பிந்தியவன் ஹெட்மாஸ்டர் கண்ணில் படாமல் நடக்கும் வேகம் அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

பரமசிவன் தன் செல்போனில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தார். ஓட்டி எண்ணிப் பார்த்தால், 0.8 வினாடியை ஒட்டியே வந்தது. தாளில் அவள் எழுதியதை அந்தச் செங்கல் எப்படிப் படித்தது? எனக்குக் கையில் முடி நட்டுக்கொண்டு நின்றது. ஒரு பெண் பேனாவால் போட்ட கணக்கும், அவள் அம்மா கையால் போட்ட கணக்கும் ஒரே விடை! நான் இந்த ஊரில் பதினாறு வருடமாக இருக்கிறேன்; இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

அவள் அம்மாவிடம் ஓடினாள். “எம்மா, நீ எட்டு மீட்டர் வேகத்துல எறியுத!”

அவர் கையைத் தட்டிவிட்டுக்கொண்டார். “எட்டா? இருக்கும். இத்தன வருசமா எறியுதேன், இன்னிக்குத்தான் பேரு வச்சிருக்கிய. அந்தச் சட்டிய எடு, போவோம்.”

அக்டோபர் 20, ஞாயிறு

சண்முகக்கனி அக்காவின் குறுக்கு விசாரணை.

“அந்தப் பிள்ள நல்லாப் படிக்காளா?”

“தேறிக்கிட்டு வாரா.”

“அப்ப ஏன்ல நீ வீட்டுல ஒக்காந்து படிக்க? சொல்லிக்குடுக்கவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“ஆசிரியர்னா தயாரிப்பு வேணும்க்கா.”

அப்பா நடுவில் புகுந்து, “அவன ஏன் நோண்டுத? ஒரு பிள்ளைக்குப் படிப்பு சொல்லிக்குடுக்கான். தறில எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன்,” என்றார்.

தறியில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

அந்த 288 மார்க்கு நண்பனைப் பற்றி. மாதிரித் தேர்வு வைத்தார்கள், அவன் எழுபதுக்கு 21. எறிபொருள் புரிந்தது; மற்றது அப்படியே கிடக்கிறது. ஆபீஸில் குரூப்பு மாற்றும் படிவத்தை வாங்கிப் பூர்த்தியும் செய்துவிட்டான். அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி. வணிகவியல் வகுப்பில் மின்விசிறி இரண்டு, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் என்று அவன் தன்னைத்தானே தேற்றிக்கொண்டிருந்தபோது முப்பிடாதி படிவத்தைப் பார்த்துவிட்டாள்.

அவனிடம் அவள் சொன்னதைப் பக்கத்திலிருந்து கேட்டவன் என்ற முறையில் எழுதிவைக்கிறேன்.

“எங்கம்மா ஒரு நாளைக்கு ஆயிரத்து எறநூறு கல்லு எறியுதா. நீ எண்ணும்போது விழல. நீ எண்ணாத நேரத்துல நாலஞ்சு விழத்தான் செய்யும். விழுந்த கல்லப் பாத்துட்டு அவ வேற வேலைக்கா போறா? குனிஞ்சு எடுத்து மறுபடி எறியுதா. ஒனக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. குனி.”

அவன் குனிந்தான். வேகம், முடுக்கம், வெக்டர், வட்ட இயக்கம், வரிசையாக. பள்ளி பூட்டும் மணி அடிக்கும் வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா வேலை முடித்து வந்து வாசற்படியில் காத்திருந்தார். “முடிஞ்சுதாட்டி?” என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

படிவம் என்ன ஆயிற்று என்றால், அதன் பின்பக்கத்தில் நல்ல வெற்றிடம் இருந்தது. ஒன்பது கணக்குப் போட்டான்.

அக்டோபர் 23, புதன்

ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தேன். பேனாவுக்கு மை நிரப்பினேன். நாளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 24, வியாழன்

(நண்பனுக்குத் துணையாக நானும் மறுதேர்வு எழுதினேன். ஒரு நல்லெண்ண நடவடிக்கை.)

வினாத்தாளில் கடைசி ஐந்து மதிப்பெண் கேள்வி: ‘ஒரு பந்து சாய்வாக எறியப்படுகிறது. எறிந்த இடத்திலிருந்து 7.2 மீட்டர் உயரத்தில் மொட்டைமாடியில் நிற்பவர், பந்து தன் பாதையின் உச்சியில் இருக்கும்போது அதைப் பிடிக்கிறார். உச்சியில் பந்தின் திசைவேகம் பூஜ்யமா? காரணம் கூறுக. எறிந்தபோது திசைவேகத்தின் செங்குத்துக் கூறு என்ன? (முடுக்கம் 10 என்க.)’

பந்தாம்! வேடம் போட்டால் தெரியாதா? அது செங்கல்தான். பேனாவை மூடியோடு எடுத்துக் காற்றில் ஒரு வளைவு போட்டேன். கண்காணிப்புக்கு நின்ற சார், நான் யாருக்கோ சைகை காட்டுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். நிற்கட்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இரண்டு வீடு. உச்சியில் செங்குத்து வேகம் பூஜ்யம், கிடைத்தள வேகம் அப்படியே. பிடிப்பவர் கையைப் பக்கவாட்டில் இழுப்பதே சாட்சி என்று எழுதினேன். பிறகு 2 × 10 × 7.2 = 144. அதற்கு வர்க்கமூலம் எடுத்தேன். விடை: வினாடிக்கு 72 மீட்டர். மூன்று முறை சரிபார்த்துக் கட்டம் கட்டினேன்.

வெளியே வந்து சங்கத்தைக் கூட்டி, அறுபதுக்குக் குறையாது என்று அறிவித்தேன்.

அக்டோபர் 25, வெள்ளி

அறுபதை அறுபத்தைந்தாக உயர்த்தி மறு அறிவிப்பு. ‘செங்கல் தேற்றம் – கோமதிநாயகம்’ என்று கரும்பலகையில் எழுதினேன். முப்பிடாதி அதைப் படித்தாள். தன் நோட்டைத் திறந்தாள். நான் மைக் பிடித்த பாவனையில் தேற்றம் பிறந்த கதையை வகுப்புக்குச் சொன்னபோதும் அவள் தன் நோட்டில்தான் இருந்தாள்.

வீட்டிலும் சொன்னேன்.

அக்டோபர் 28, திங்கள்

விடைத்தாள் வந்தது. எழுபதுக்கு முப்பத்தாறு.

ஞானதுரை சார் தாளை என் கையில் கொடுக்கும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முதல் பாதிக்கு மூன்று மதிப்பெண். ‘கையைப் பக்கவாட்டில் இழுப்பதே சாட்சி’ என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் நேர்கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது. அடுத்த பாதிக்குப் பூஜ்யம். ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘இந்த வேகத்தில் பந்து 259 மீட்டர் உயரம் போகும். மொட்டைமாடியில் நிற்பவர் என்ன செய்வார்?’

முப்பிடாதி தாளை வாங்கிப் பார்த்தாள்.

“நூத்திநாப்பத்திநாலுக்கு வர்க்கமூலம் எழுவத்திரெண்டா? பாதிய எழுதி வச்சிருக்க.”

“அவசரத்துல...”

“நல்லவேள, எங்கம்மா ஒன் கணக்குப்படி எறியல. பரமசிவன் மாமா பிளேன்ல போயில்லா பிடிக்கணும்!”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடியது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, முன்பக்கத்து முப்பத்தாறைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலால் அதைத் தொட்டாள். “போதும்,” என்றாள்.

தாளில் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். சாயங்காலம் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“முப்பத்தாறு. பாஸுதான?”

“பாஸுப்பா.”

“ஒன்ட்ட படிச்ச பிள்ள எத்தன?”

காலாண்டில் அவள் எடுத்ததைச் சொன்னேன். “அறுவத்தெட்டு.”

அப்பா முப்பத்தாறைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முப்பத்தாறைப் பார்த்தார். தறியில் இழை அறுந்த இடத்தை அவர் இப்படித்தான் தேடுவார். அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள், நல்லவள், உடனே தலையை இழுத்துக்கொண்டாள்.

“சொல்லிக்குடுத்தவன் முப்பத்தாறு, படிச்ச பிள்ள அறுவத்தெட்டா?”

வாயில் சோறு இல்லை. அன்று போலத் தலையை ஆட்டித் தப்பிக்க வழியில்லை.

“அவதாம்ப்பா எனக்குச் சொல்லிக்குடுத்தா.”

அப்பா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் எழுதுவார். இன்று இன்னும் மெதுவாக எழுதினார். “இத மொதல்லயே சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளைக்கும் அவ அம்மைக்கும் சரஸ்வதி பூசைக்கே பலகாரம் குடுத்து விட்டிருப்பேன்லா. நாளைக்கு நானே வந்து குடுக்கேன்.” எழுந்து போனவர் திரும்பினார். “தறில என்ன சொல்லட்டும்?”

“முப்பத்தாறுன்னு சொல்லுங்கப்பா.”

ஆகவே, திருத்தம். நோட்டீஸ் போர்டில் ஏழாவது வரி, இடது பக்கம், ‘கற்பவர்’: ச. கோமதிநாயகம். வலது பக்கம், ‘கற்பிப்பவர்’: மு. முப்பிடாதி. காலாண்டில் எனக்கு வந்த அந்த இரண்டிலக்கம் 17. படிவம் வாங்கிய அந்த நண்பன் நான்தான். ஹெட்மாஸ்டர் அறை வாசலில் நின்றது எங்கள் அப்பா. கரும்பலகைத் தேற்றத்தில் என் பெயரை நாளை காலை முதல் ஆளாகப் போய் அழித்துவிட்டு அவள் பெயரை எழுத வேண்டும். எழுதுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதும் நல்லது: 144க்கு வர்க்கமூலம் எவ்வளவு என்று. பார்த்து, செய்து, எண்ணி, அழித்து, இன்று ஒரு மணி நேரம் போராடியும் எனக்கு இன்னும் பதிமூன்றுதான் வருகிறது.